பீரோ மேலே கிடக்கும் கட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாற்பது வருடம் கரண்டி பிடித்த கொத்தனார் நான். முட்டி மடங்காததால் மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறேன். நாலரை வயதுப் பேத்திதான் இப்போது எனக்கு மேஸ்திரி.

மரப்பட்டறையில் கழித்துப் போட்ட பூவரசந் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஆசாரியிடம் அளவு சொல்லி விளையாட்டுக் கட்டைகளாக அறுத்து வாங்கினேன். முழுக்கல், அரைக்கல், கால்கல், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது என் வேலை. பேத்தி திண்ணையில் சுவர் கட்டினாள். கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் ஜாயிண்ட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசை ஜாயிண்ட் வரக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டாம் வரிசைக் கடைசியில் அரைக்கல் இடம் காலி, அரைக்கல்லோ தீர்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. முழுக்கல்லை வைத்தாள், துருத்திக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டுக் கால்கல்லை வைத்தாள், இடம் மிச்சம். பக்கத்தில் இன்னொன்றைத் தள்ளினாள். "தாத்தா, ரெண்டு குட்டி சேந்தா ஒரு அரை!" பின்னம் என்ற பேரைப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

செங்கல்லே அப்படித்தான். கலவையோடு சேர்த்து 9 × 4½ × 3 அங்குலம் என்று கணக்கு வைப்போம். இரண்டு அகலம் ஒரு நீளம், மூன்று கனமும் அதே நீளம். ஜெர்மனியில் 1837இல் சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல் என்பவரும் செங்கல் வடிவத்தில் எட்டு மரத்துண்டுகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாராம். ஆசிரியையான மருமகள் சொன்னாள். கொத்தனார் வீட்டுப் பிள்ளையா என்று கேட்டேன். பாதிரியார் மகனாம்!

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கட்டை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கிறது. மரக்கட்டை சரியும். சரிந்தால்தானே பெரியது அடியில் போகணும் என்று கைக்குத் தெரியும்?

பேத்தி போகும் அங்கன்வாடியிலும் கட்டைகள் உண்டு, சாக்கில் கட்டி பீரோ மேலே. "ஒண்ணு தொலைஞ்சாலும் நாங்கதான் பதில் சொல்லணும், ஐயா" என்கிறார் அந்த அம்மா. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கட்டட வேலையில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சேதாரம் கழிக்கிறோம். பிள்ளைகள் கையில் புழங்கும் கட்டைக்கும் பதிவேட்டில் அப்படி ஒரு கழிவு எழுத மேலதிகாரிகள் அனுமதிக்கட்டும். எங்கள் ஊர் மையத்தில் தொலைகிற கட்டைக்குப் பதில் அளவு பிசகாமல் அறுத்துத் தர நான் இருக்கிறேன். பட்டறையில் சொல்லி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.