ஃபந்தொஃப்ட் மரக்கோவிலின் கதையைத் தமிழில் அச்சிட ஒரு வேண்டுகோள்

நோர்வேயின் பேர்கன் நகரில் வாழும் உறவுகளுக்கு வணக்கம்.

ஃபந்தொஃப்ட் தரிப்பில் இறங்கி மேட்டில் கொஞ்சம் நடந்தால், மரங்களுக்கு நடுவே கறுத்த தேவாலயம் ஒன்று நிற்கும். வெயில் நாளில் கிட்டப் போனால் தார் மணம் மூக்கில் ஏறும். ரோட்டுக்குப் போடும் தார் இல்லை, பைன் மரத்தில் வடித்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிறோம். "எவ்வளவு பழசு?" என்று கேட்டால் "எண்ணூறு வருசம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அது பாதிக் கதைதான். 1150 அளவில் இந்தக் கோவில் எழும்பியது சோக்ன் பகுதியின் ஃபொர்துன் ஊரில். மண்ணில் நட்ட தூண் உக்கிவிடும் என்று பட்டறிந்த அக்காலத் தச்சர்கள், கல் அடுக்கி, அதன்மேல் மரச்சட்டம் கிடத்தி, தூண்களைச் சட்டத்தில் நிறுத்தினார்கள். அடியில் ஈரம் ஏறாது. நோர்வேயில் ஆயிரத்துக்கு மேல் இருந்த இத்தகைய கோவில்களில் இன்று மிஞ்சியவை 28. ஊர்ச்சனத்தில் பத்தில் மூன்று பங்கினருக்காவது கோவிலில் இடம் வேண்டும் என்று 1851இல் சட்டம் வர, சின்னக் கோவில்கள் பல இடிபட்டன. ஃபொர்துன் கோவிலுக்கும் அந்தக் கதி வர இருந்தது. 1883இல் ஃபிரெட்ரிக் யோர்க் காடெ என்ற வணிகர் அதை வாங்கி, கழற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டினார்.

1992 யூன் 6 அன்று யாரோ வைத்த தீயில் அது எரிந்து போனது. யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. திரும்பக் கட்டி முடித்தது 1997இல். நாம் படம் எடுக்கும் கோவில் நம் பிள்ளைகள் சிலரைவிட இளையது!

இதையெல்லாம் பிள்ளைகள் தமிழில் வாசிக்க 48 பக்கப் படநூல் ஒன்று தயாராகிறது. எழுதுபவர்களும் வரைபவரும் கூலி வாங்கவில்லை. 400 பிரதிகள் அச்சிட 38,000 குரோணர் வேண்டும். கையில் இருப்பது 11,500. நூறோ இருநூறோ, முடிந்ததைத் தாருங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் குழுவினர் பற்றுச்சீட்டுடன் நிற்பார்கள், விப்ஸ் என்ற கைபேசிப் பணச் செயலியிலும் அனுப்பலாம்.

பணத்தைவிட அரிதான ஒன்றும் தேவை. எண்பதுகளில் வந்தவர்களே, எரிவதற்கு முன் அந்தக் கோவில் வாசலில் நின்று எடுத்த படம் உங்கள் அல்பத்தில் இருந்தால் கொண்டுவாருங்கள். அங்கேயே ஸ்கேன் செய்துவிட்டு உடனே கையில் தந்துவிடுவோம்.

நூலாக்கக் குழு