குறட்டை நின்றால்தான் பயம்

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் விசைப்படகுச் சங்க நிர்வாகிகளுக்கும், படகோட்டும் அண்ணன்மார் தம்பிமாருக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் போன கவலைக்கு நீங்கள் கூட்டம் போடுகிறீர்கள், மனுக் கொடுக்கிறீர்கள். எங்கள் கவலை எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. தொழில் நாட்களில் பாதி ராத்திரி கடலோடு போய்விடும் குறட்டை, இந்த 61 ராத்திரியும் முழுசாக வீட்டுக்குள் வந்து இறங்கிவிடுகிறது.

சிரிக்கலாம். நாங்களும் சிரித்துத்தான் சமாளிக்கிறோம். "லேலண்ட் இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருச்சு" என்று பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். நான் காதில் பஞ்சு வைப்பேன். அவருக்கு முன்னால் தூங்கிவிட வேண்டும் என்று எட்டரைக்கே படுப்பேன். குழம்புச் சட்டி கழுவாமல் கிடக்கும். பக்கத்து வீட்டு மதினி செய்ததுதான் உச்சம். வலையில் கட்டும் மிதவை ஒன்றை எடுத்து, தன் வீட்டுக்காரர் பனியனின் முதுகில் பை தைத்து உள்ளே போட்டுவிட்டார். மல்லாந்தால் உறுத்தும், ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். கேலியாகத் தொடங்கியது, பாதிச் சத்தத்தைக் குறைத்துவிட்டது.

காரணம் இருக்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியைக் குறுக்கும். அந்தச் சந்தில் நுழையும் காற்று, உள்நாக்கையும் மேலண்ணத்தின் மெல்லிய பகுதியையும் கச்சான் காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொள்வதுபோல அடிக்கும். அதுதான் சத்தம். மூக்கடைப்பு, பீடி, கழுத்தில் போட்ட சதை எல்லாம் சேரும். கரையேறியதும் "அலுப்புக்கு" என்று ஊற்றிக்கொள்வதும் தசையை இன்னும் தளர்த்தும். ஊற்றிய அன்றைக்குத்தான் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, கவனித்திருக்கிறோம்.

சத்தத்தோடு எப்படியோ காலம் தள்ளிவிடுவோம். அது நிற்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என் வீட்டுக்காரரின் குறட்டை ஏறிக்கொண்டே போய் பட்டென்று அறுந்துவிடும். நெஞ்சு எழும்பும், மூச்சு வராது. இருட்டில் எண்ணுவேன். பதினைந்து, சில நாள் இருபது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலைதூக்கியவர் மாதிரி ஒரே இழுப்பு. காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்குனேன், ஒனக்கு என்ன?" என்கிறார். மாமியாரோ, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான், பாவம்" என்கிறார். (அவர் குறட்டையும் லேசானதல்ல. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இது கூடும்.)

இப்படி மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நிற்பதை மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். மணிக்கு 30 தடவை வந்தால் கடுமையான நிலை. நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை உலுக்கி எழுப்புவதால், எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் சேராது. ரத்த அழுத்தம் ஏறும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். அப்படிக் கண் செருகுகிறவர் கையில்தான் படகின் ஸ்டியரிங் இருக்கிறது. வடகடலில் இலங்கை எல்லைக்கோடு எவ்வளவு கிட்டே என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறீர்கள். மீன்வளத்துறை வந்து படகை ஆய்வு செய்கிறது. ஓட்டுகிறவரின் தொண்டையை இதுவரை யாராவது எட்டிப் பார்த்ததுண்டா?

கேட்பது ஒரு நாள்தான். ஜூன் 14க்குள் ஒரு முகாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் வரட்டும். ரத்த அழுத்தம் பார்க்கட்டும், கழுத்தை அளக்கட்டும். 40 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதுவும் ஓர் அடையாளம். வீட்டுப் பெண்களையும் கட்டாயம் உள்ளே விடுங்கள். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது, சாட்சி நாங்கள்தான். தூக்கப் பரிசோதனை தேவைப்படுகிறவர்களை மதுரைக்கு அனுப்பச் சங்கமே ஒரு வண்டி பிடிக்கட்டும்.

மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. காலின் சலிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1981இலேயே அதை உலகுக்குச் சொல்லிவிட்டார். "குழாய மாட்டிக்கிட்டா தூங்கச் சொல்ற?" என்று கோபப்படாதீர்கள். சங்கு குளிக்கிறவர் முகக்கண்ணாடி மாட்டுவதைப் பார்த்து இந்தக் கரையில் யாரும் சிரித்ததில்லை.

சங்கு என்றதும் இன்னொன்று. ஜெய்ப்பூரில் 30 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்து 2025இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் சங்கு ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சு நிற்பதும் பகல் தூக்கமும் குறைந்ததாம். சின்னச் சோதனைதான், அதை நம்பி மருத்துவரை விட்டுவிட முடியாது. ஆனாலும் மன்னார் வளைகுடாச் சங்கை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு, வீட்டில் ஊதுவதற்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதவர்கள் நாம்!

முகாம் தேதியை ஏலக்கூடப் பலகையில் எழுதிப் போடுங்கள். அன்றைக்குக் காலைக் கஞ்சி எங்கள் பொறுப்பு. மிதவை வைத்த பனியன் வேண்டுகிறவர்கள் மதினியிடம் அளவு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து, ஒரு படகோட்டியின் மனைவி