மழைக்கு முன் மரங்களையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்குமுன் ஓடு மாற்றும் வழக்கம் திருகோணமலையில் இன்னும் இருக்கிறது. அந்த ஓடுகளைத் தாங்கும் மரங்களைக் கறையான் அரிக்கிறதா என்று பரிசோதிக்கும் வழக்கம்தான் அரிது. மண்ணிலிருந்து மெல்லிய மண்குழாய் அமைத்துச் சுவரேறும் கறையான், மரத்தின் உட்பகுதியைத் தின்று மேற்பரப்பை விட்டுவைப்பதால், வர்ணம் பூசிய கதவுநிலை பார்வைக்குக் குறையின்றியே இருக்கும். திருப்புளியின் பிடியால் தட்டினால் வெற்றொலி எழும், நுனியால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். மழைக்குப் பின் வீட்டினுள் யன்னலோரத்தில் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தால், கூட்டி எறிவதோடு நின்றுவிடாமல், புற்று அருகிலேயே இருக்கலாம் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக்கிடக்கும் வீடுகளே எனக்குப் பெருங்கவலை தருகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் உறவினர், முற்றம் கூட்டுவதுடன் குளியலறைச் சுவரையும் அலுமாரியின் பின்புறத்தையும் கூரை மரங்களையும் ஆண்டுக்கொரு முறையேனும் விவரமறிந்தவரைக் கொண்டு பரிசோதிப்பிக்க வேண்டும்.

மருந்தடிப்பதிலும் அவதானம் தேவை. வளவுக்குள்ளேயே குடிநீர்க் கிணறு வைத்திருப்போர், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவான மருந்துதானா, அதைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். புதிதாக வீடு கட்டுவோருக்கு, நிலத்துக்குக் கொங்கிறீட் இடுமுன்பே மண்ணுக்குக் கறையான் தடுப்பு மருந்திடும்படி, வரைபட அனுமதி வழங்கும்போதே உள்ளூராட்சி சபைகள் அறிவுறுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.