உங்கள் ஏசி நோட்டீஸில் உள்ள ஒப்பீட்டுப் படங்கள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயர், முகவரி, பில் நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 1.5 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியின் தமிழ் நோட்டீஸில் உள்ள ஒப்பீட்டுப் படங்களைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்படி ஏசியை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். மெஷின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. புகார், கடையில் அதைக் காட்டி விற்கும் நான்கு பக்க நோட்டீஸ் மேல். இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால், பார்க்கிறவர் ஒன்றை நம்பி விடுகிறார்: மற்ற எல்லாம் சமம், பொருள் மட்டும்தான் வேறு என்று. உங்கள் படங்களில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பக்கத்துப் பட்டை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மின் செலவு உங்கள் ஏசிக்கு 760 யூனிட், "சாதாரண ஏசி"க்கு 960 யூனிட். அச்சிட்ட தாளில் ஸ்கேலை வைத்து அளந்தேன். உங்கள் பட்டை 1.5 செ.மீ., மற்றது 6.5 செ.மீ. கண்ணுக்கு நான்கு மடங்குக்கும் மேல் தெரிகிறது. எண்ணில் இருப்பதோ 1.26 மடங்கு. காரணம், செங்குத்து அச்சு சைபரில் தொடங்கவில்லை, 700-இல் தொடங்குகிறது. அடியில் இருக்கும் 700 யூனிட் இரண்டு பட்டையிலிருந்தும் வெட்டப்பட்டுவிட்டது. வெட்டியதைக் காட்டும் நெளிகோடுகூட இல்லை. 6.5 செ.மீ. பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு சைபரிலிருந்து வரைந்தால் உங்கள் பட்டை 5.1 செ.மீ. உயரம் வர வேண்டும். வித்தியாசம் 1.4 செ.மீ. கோட்டு வரைபடத்தில் அச்சு இடையில் தொடங்கலாம், அங்கே கண் சரிவைத்தான் பார்க்கிறது. பட்டையில் கண் நீளத்தைப் பார்க்கிறது. நீளத்தை வெட்டினால் அளவையே வெட்டியதாகும்.

அதே படத்தின் மேல் "26% மின்சாரம் மிச்சம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். மிச்சம் 200 யூனிட். அதை 960-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் 960-லிருந்துதான் குறைகிறது. விடை 20.8%. உங்கள் 26% வந்தது 200-ஐ 760-ஆல் வகுத்ததால். "சாதாரண ஏசி 26% அதிகம் இழுக்கிறது" என்று எழுதியிருந்தால் கணக்கு சரி. "26% மிச்சம்" என்றால் தவறு. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம் என்பது நல்ல எண்தானே, அதையே போட்டிருக்கலாம்.

இனி, அந்த "சாதாரண ஏசி" எது? படத்துக்கு அடியில் மிகப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், அது ஒரு 3 ஸ்டார் மெஷின் என்று இருக்கிறது. மாடல் எண் இல்லை, ஸ்டார் லேபிளின் ஆண்டும் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டார் என்பது நிலையான அளவுகோல் அல்ல, ஸ்டார் லேபிளுக்கு விதி வகுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. அட்டவணையை அவ்வப்போது இறுக்குகிறது. 2018 அட்டவணைப்படி ஐ.எஸ்.இ.இ.ஆர். (செலவாகும் மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு குளிர் கிடைக்கிறது என்று காட்டும் எண்) 4.5 இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் வந்த அட்டவணைப்படி 5 ஸ்டாருக்கு 5.0 வேண்டியிருந்தது. 4.6 உள்ள ஒரே மெஷின் முதல் அட்டவணையில் 5 ஸ்டார், அடுத்ததில் 4 ஸ்டார். ஆகவே லேபிளின் காலத்தைச் சொல்லாமல் ஸ்டாரை மட்டும் சொல்வது, வருடத்தைச் சொல்லாமல் தங்க விலையைச் சொல்வது போல.

டன்னும் அப்படித்தான். கணக்குப்படி 1.5 டன் என்றால் சுமார் 5,275 வாட் குளிர்த்திறன். சந்தையில் அதைவிடக் குறைந்த திறனுள்ளவையும் 1.5 டன் என்ற பெயரிலேயே விற்கின்றன. லேபிளில் வாட் கணக்கு அச்சாகியிருக்கும், டன்னை மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. குளிர்த்திறன் குறைந்த மெஷின் ஆண்டுக்குக் குறைந்த யூனிட் காட்டுவது இயல்பு, அது குறைவான வெப்பத்தைத்தான் வெளியேற்றுகிறது. அதனால் இரண்டு மெஷின்களின் குளிர்த்திறன் சமமாக இல்லாதபோது யூனிட்டை ஒப்பிடக் கூடாது, ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை ஒப்பிட வேண்டும். உங்கள் நோட்டீஸில் இரண்டு ஏசியின் வாட்டும் இல்லை. 200 யூனிட்டில் எவ்வளவு திறமையால் வந்தது, எவ்வளவு சின்ன மெஷின் என்பதால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு அதிகக் கோபம் வந்தது இரண்டாம் பக்கத்தில். "ஆண்டுக்கு ரூ.7,200 சேமிப்பு" என்று நாணயக் குவியல் படம். முதல் பக்கத்தில் நீங்களே சொன்ன மிச்சம் 200 யூனிட். 200 யூனிட்டில் 7,200 ரூபாய் வர வேண்டுமானால் ஒரு யூனிட் 36 ரூபாய் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் எந்த வீட்டு இணைப்புக்கும் அந்த விலை கிடையாது. கணக்கு எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்பில் தேடினால் "24 மணி நேரப் பயன்பாடு" என்று இருக்கிறது. லேபிளில் உள்ள யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது, அதாவது நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 200 நாள். அதே 200 நாளும் 24 மணி நேரம் ஓடினால் 4,800 மணி நேரம், மிச்சம் மூன்று மடங்காகி 600 யூனிட். அதை 12 ரூபாயால் பெருக்கினால் 7,200. பன்னிரண்டு ரூபாய் என்பது இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீடு கடைசி யூனிட்டுகளுக்குக் கொடுக்கும் விலையை ஒட்டியது. ஆக, முதல் பக்கத்தில் 8 மணி நேரம் ஓடும் ஏசி, பக்கத்தைத் திருப்பினால் 24 மணி நேரம் ஓடுகிறது. இரண்டு படத்தையும் ஒரே நோட்டீஸில் பார்க்கிறவர் அப்படி நினைப்பாரா?

இங்கே மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலைப் பட்டியலும் மாறிவிடுகிறது. ஆகவே "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஒரே விலையால் பெருக்கவே கூடாது. ஒரு வீட்டின் மற்றச் செலவு 300 யூனிட், 400 யூனிட், 600 யூனிட் என்று மூன்று நிலை வைத்து, ஒவ்வொன்றிலும் இந்த ஏசியோடு ஒரு பில், அந்த ஏசியோடு ஒரு பில் போட்டு, இரண்டு பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். இந்த ஏசியோடு 480, அந்த ஏசியோடு 520 என்று வரும் வீட்டுக்குக் கிடைக்கும் லாபமும், 300-இல் நிற்கும் வீட்டுக்குக் கிடைக்கும் லாபமும் ஒன்றில்லை.

இந்த ஒரு எண்ணை நம்பித்தான் பலர் 5 ஸ்டாருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,200 சேமிப்பு என்றால் ஒன்றே கால் வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். 200 யூனிட்டை யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டாலும் சேமிப்பு 1,600 ரூபாய், பணம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். ஐந்து வருடமும் நியாயமான கணக்குதான். வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் பக்கத்தில் சர்வீஸ் புகார் ஒப்பீடு. 100 ஏசிக்கு உங்களுடையதில் 4 புகார், மற்றதில் 8. இரண்டு மடங்கைக் காட்ட மெக்கானிக் உருவத்தை இரண்டு மடங்கு உயரத்தில் வரைந்திருக்கிறார்கள். உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும், தாளில் பரப்பு நான்கு மடங்காகிறது. ஒரே அளவு உருவத்தை நான்கு, எட்டு என்று வரிசையாக நிறுத்தியிருந்தால் போதும்.

படத்தைவிடக் கணக்கு மோசம். அடிக்குறிப்புப்படி உங்கள் மாடல் சந்தைக்கு வந்து எட்டு மாதம். மற்ற நிறுவனத்தின் எண் ஐந்து வருடத்தில் விற்றவற்றுக்கு. எட்டு மாதத்தில் கம்ப்ரஸர் பழுதாவது அபூர்வம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரித்து கேஸ் கசிய வருடங்கள் ஆகும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் பி.சி.பி. போர்டு (உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை) போவதுகூடக் கோடையில்தான் அதிகம். உங்கள் எட்டு மாதத்தில் ஏப்ரல், மே இருந்தனவா என்றே தெரியவில்லை. ஒப்பிட வேண்டியது வாங்கிய முதல் 12 மாதத்தில் 100 மெஷினுக்கு எத்தனை புகார் என்பது, அதே ஊர்களில், இரண்டுக்கும். கைக்குழந்தையையும் அறுபது வயதுக்காரரையும் மூட்டுவலிக்கு ஒப்பிட முடியாது.

அதற்குக் கீழே சத்தம்: உங்களுடையது 30 டெசிபல், மற்றது 45. இந்தப் பட்டை சைபரிலிருந்து சரியாகத்தான் தொடங்குகிறது, ஆனாலும் படம் தவறு, வேடிக்கையாக உங்களுக்கே பாதகமாக. டெசிபல் மடங்குக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 15 டெசிபல் வித்தியாசத்தை ஒன்றரை மடங்குப் பட்டையாகக் காட்டுவதில் பொருள் இல்லை, எண்ணை மட்டும் எழுதினால் போதும். நியாயம் கெடுவது வேறு இடத்தில்: உங்கள் 30 டெசிபல் குறைந்த ஃபேன் வேகத்தில் எடுத்தது, அவர்களுடைய 45 அதிக வேகத்தில் எடுத்தது. இரண்டையும் ஒரே வேகத்தில், இன்டோர் யூனிட்டிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து அளந்து போடுங்கள்.

"10-இல் 9 பேர் திருப்தி" என்ற வட்டம் 30 பேரிடம், ஏசியை மாட்டிய அன்றே, மாட்டிய டெக்னீஷியன் எதிரிலேயே கேட்டது. மூன்று பேர் மாற்றிச் சொல்லியிருந்தால் அது 10-இல் 8. மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டே போகும் எண் ஒருநாளும் இறங்காது, விற்பனை பாதியாகக் குறைந்த வருடத்திலும் அது ஏறும். வருட வாரியாக விற்றதைப் போடுங்கள்.

நீங்கள் "எல்லாம் அடிக்குறிப்பில் இருக்கிறதே" என்று பதில் சொல்லலாம். 2022 ஜூன் 9-இல் வெளியான, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள், நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தவறான வாக்குறுதி ஒன்றைக் குறிப்பின் மூலம் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. தமிழில் பெரிய எழுத்தில் வாக்குறுதி, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை என்பது இரண்டுக்கும் முரண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதற்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பவை இவை. இந்த நோட்டீஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள். பட்டைகளைச் சைபரிலிருந்து வரைந்து, 26% என்பதை 21% என்று திருத்தி, ஒப்பிட்ட மெஷினின் மாடல், ஸ்டார், லேபிள் காலம், வாட், ஐ.எஸ்.இ.இ.ஆர். ஆகியவற்றைத் தமிழில் படத்துக்குள்ளேயே போடுங்கள். ரூ.7,200 என்ற எண்ணை நீக்கிவிட்டு 1,600 மணி நேரத்துக்கு மூன்று நிலை பில் கணக்கைத் தாருங்கள். சர்வீஸ் ஒப்பீட்டை, சம வயது மெஷின்களின் கணக்கு கையில் வரும் வரை, முழுவதும் நிறுத்தி வையுங்கள். கடை விற்பனையாளர்களுக்கும் திருத்திய தாளைக் கொடுங்கள், வாடிக்கையாளரிடம் வாயால் "வருடம் ஏழாயிரம் மிச்சம்" என்று சொல்பவர்கள் அவர்கள்தான்.

முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் இதே கடிதத்தைப் புகாராகப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: நோட்டீஸின் நான்கு பக்க நகல் (பட்டைகளின் அளவு சிவப்பு மையில் குறித்தது), ஏசியின் ஸ்டார் லேபிள் புகைப்படம், பில் நகல், சைபரிலிருந்து வரைந்த மாதிரிப் படம் ஒன்று.