போதகரைத் தேடும்போது யாரிடம் விசாரிக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சபைத் தலைவர்களின் தகுதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறையியல் படிப்பு, பேச்சுத் திறன், நிர்வாக அனுபவம் என்று கட்டுரையாளர் அழுத்திச் சொன்னவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் குணத்தை ஒரே பத்தியில் முடித்துவிட்டாரே என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் (கடிதம்), 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபையின் கண்காணி, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவர், எப்படி இருக்க வேண்டும் என்று முதல் 7 வசனங்களில் சொல்கிறார். தெளிந்த புத்தி, அந்நியரை உபசரிக்கும் மனம், குடிப்பழக்கம் இல்லாமை, பண ஆசை இல்லாமை, சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துவது என்று வரிசை போகிறது. இத்தனைக்கும் நடுவில் திறமை என்று தனியாகச் சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுதான்: ‘போதகசமர்த்தன்’, அதாவது கற்பிக்கத் தெரிந்தவர். மற்றதெல்லாம் ஆள் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றியது. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரமும் ஏறக்குறைய இப்படித்தான். ‘ஒரே மனைவியையுடைய புருஷன்’ என்பதற்குப் பொருள் சொல்வதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. என் மனதை உறுத்துவது ‘அடிக்கிறவன்’ என்ற சொல். கண்காணி அடிக்கிறவனாக இருக்கக் கூடாது என்கிறார் பவுல். போதகர் யாரை அடிக்கப் போகிறார் என்று இளம் வயதில் அதை வாசித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

எங்கள் சபைக்குப் போதகரைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். வந்தவரிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். எங்கே படித்தார், எவ்வளவு பெரிய சபையை நடத்தினார், வாலிபர்களுக்கு என்ன செய்வார் என்றெல்லாம் கேட்டோம். பிரசங்கம் செய்யச் சொன்னோம், அருமையாகப் பேசினார். அவரோடு வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓராண்டு கழித்து வருடக் கணக்கு வாசித்த கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்தார். கையிலிருந்த கணக்குத் தாளில் ஓரிடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். “கட்டட நிதியிலிருந்து எடுத்ததாகப் போட்டிருக்கு, எதுக்குன்னு எழுதலையே ஐயா?” என்றார். அவ்வளவுதான். போதகர் பதில் சொல்லவில்லை, கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு, மோசேக்கு விரோதமாக எழும்பிய கோராகையும் அவன் கூட்டத்தாரையும் பூமி வாய் திறந்து விழுங்கிய பகுதியை எடுத்துப் பேசினார். யாரைச் சொல்கிறார் என்று சபைக்கே தெரிந்தது. அந்த அம்மா மூன்றாவது வரிசையில் வேதாகமத்தை மடியில் வைத்தபடி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் ஆராதனைக்கு வரவே இல்லை.

அந்தப் பணம் கூரை பழுதுபார்க்கத்தான் போயிருந்தது. ரசீதும் இருந்தது. போதகர் ஒரு பைசா எடுக்கவில்லை. ரசீதை எடுத்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கையை ஓங்காமலே ஒருவரை அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்ற வசனத்தை யாரோ மெதுவாகச் சொன்னார்கள், அதோடு அடங்கிப்போனோம்.

ஆனால் அதே பவுல் தீமோத்தேயுவுக்கு 5ஆம் அதிகாரத்தில் என்ன எழுதுகிறார்? மூப்பர்மேல், அதாவது சபையை நடத்தும் பெரியவர்மேல், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று அவருக்குப் பாதுகாப்புத் தருகிறார். அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். எருசலேம் விசுவாசிகளுக்கான காணிக்கைப் பணத்தை அனுப்பும்போது, தன்மேல் ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினவர் அவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று அவர் சண்டைக்கு வரவில்லை.

தலைவர் தவறே செய்யாதவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேதுருவைப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர். பிறகு அந்தியோகியாவில், யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! ஆனாலும் பேதுருவின் இரண்டாம் நிருபம் 3ஆம் அதிகாரத்தில் அதே பவுலை ‘நமக்குப் பிரியமான சகோதரன்’ என்று வாசிக்கிறோம். மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் அதற்கு மாதிரியாக இருங்கள் என்று மூப்பர்களுக்குச் சொன்னவரும் பேதுருதான். இப்படிக் கண்டிப்பைத் தாங்கும் மனசு இருக்கிறதா என்பதை ஒரு மணி நேரப் பேட்டியில் எங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அதற்கும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் அந்த 3ஆம் அதிகாரத்திலேயே வழி இருக்கிறது. ‘புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயும் இருக்கவேண்டும்’ என்கிறது 7ஆம் வசனம். சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவரைப் புகழ வேண்டிய அவசியம் இல்லை. பீடத்தில் நிற்கும் முகத்தை அவர்கள் பார்த்ததும் இல்லை. தாமதமாக வந்த வேலைக்காரரிடம், கடன் திருப்பிக் கேட்டவரிடம் அவர் எப்படிப் பேசினார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். சிபாரிசுக் கடிதத்தில் இது வராது.

அந்தப் போதகர் இப்போது வேறு சபைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கசப்பு இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது நாங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மறுபடியும் தேர்வு. இந்த முறை பேட்டிக்கு முன்பாகவே, வருகிறவர் முன்பு ஊழியம் செய்த இடத்துக்கு நானே போய், அவருடைய பக்கத்து வீட்டாரிடமும், அந்தச் சபையில் கணக்கு எழுதினவரிடமும், ஆலயத்தைப் பெருக்குகிறவரிடமும் பேசிவிட்டு வருவதாகக் குழுவில் சொல்லியிருக்கிறேன். சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சபை மூப்பராக இருக்கும் ஒரு வாசகர்