அம்மா தனியாகப் போகிறார் என்றால்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்துவிட்டது.

அம்மாவைச் சிங்கப்பூருக்கு இங்கே பெங்களூரிலிருந்து விமானம் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. முந்தின நாளே சேலத்தில் ரயிலேறி அல்சூரில் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஹெப்பாள் நெரிசலில் மாட்டிக்கொண்டால் நேரத்துக்கு உத்தரவாதமில்லை.

வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து டெர்மினல் 2-இல்தான். கூரையெங்கும் மூங்கில், மேலேயிருந்து தொங்கும் செடிகள். அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார். எனக்கென்னவோ அழகைவிட, எவ்வளவு தூரம் நடக்கணும், நடுவில் உட்கார இடமிருக்கா என்பதுதான் பெரிதாகப் படுகிறது. டிக்கெட் இல்லாத உன்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் மகன் செய்யும் வேலையையெல்லாம் அந்தக் கட்டடம்தானே செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் 1962-இல் திறந்த வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை வடிவமைத்த ஈரோ சாரினன் இதைத்தான் யோசித்தார். பயணி ஏன் நடக்கணும்? காத்திருக்கும் கூடத்துக்கே சக்கரம் பூட்டி, ஆட்களோடு விமானத்தருகே ஓட்டிவிட்டார்! விமானங்கள் பெருகியதும் அது சரிப்படவில்லை. தள்ளித் தனிக் கட்டடங்கள் கட்டி, அந்த வண்டிகளை இடையில் ஓடவிட்டார்கள். ஆனாலும் மனுஷன் பயணியின் முழங்கால் வலியிலிருந்து யோசித்தாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது பெரிய நிலையங்கள் பலவற்றில் சோதனை முடிந்ததும் சென்ட் பாட்டில் கடைகளுக்குள் புகுந்துதான் போகணும். கடை வாடகை நல்ல வருமானமாயிற்றே.

இன்னொன்று. பல நிலையங்களில் போர்டிங் அழைப்பை இப்போது மைக்கில் சொல்வதில்லை, திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த அமைதி நம் போன்றவர்களுக்குச் சுகம். படிக்கத் தெரியாமல் காதை நம்பியே பழகிய அம்மாவுக்குக் கேட் மாறினால் யார் சொல்வது?

அதனால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடு, 48 மணி நேரத்துக்கு முன்பாவது. "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று அம்மா ரோஷப்படுவார், விடாதே. தள்ளிக்கொண்டு போகிற பையன் இமிக்ரேஷன் தாண்டி விமானம் வரை கொண்டுபோய் விடுவான். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, பேச்சுத்துணைக்கும் ஆச்சு.

மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடு, கையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
ரவி