சுமத்ராவில் மலையேறப் போகும் நம் குழுக்களுக்கு

வணக்கம்.

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மேடான் பறந்து, அங்கே வேன் பிடித்துப் பெராஸ்தாகி மலையூருக்குப் போகும் நண்பர்களே, உங்கள் பயணத் திட்டங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. சிபாயாக் எரிமலையில் சூரிய உதயம், வெந்நீர் ஊற்று, சிப்பிசோ-பிசோ அருவி, தோபா ஏரி. எல்லாம் சரி. நடுவில் சினாபுங் எரிமலையடியில் ஆளில்லாமல் போன ஊர்களைப் பார்க்க ‘சினாபுங் பேய்க் கிராமம்’ என்று ஒன்று வருகிறதே, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அங்கே பேய் எதுவும் இல்லை. இந்த வட்டார காரோ இன விவசாயிகள் காபியும் ஆரஞ்சும் காய்கறியும் விளைவித்த ஊர்கள் அவை. நூற்றாண்டுக் கணக்கில் சும்மா கிடந்த சினாபுங் 2010 ஆகஸ்டில் வெடித்தது. அதுவரை யாரும் அதைப் பெரிதாகக் கண்காணிக்கவில்லை. 2013இல் மறுபடி ஆரம்பித்து வருடக்கணக்கில் கக்கியது. சிமாசெம், பெக்கெரா, சுக்காமெரியா ஊர்க்காரர்களைச் சியோசார் என்ற புதுக் குடியிருப்புக்குக் குடிமாற்றினார்கள். 2014 பிப்ரவரி 1 அன்று சுக்காமெரியாவில் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். மலையைப் பார்க்க வந்த பள்ளி மாணவர்களும் அதில் உண்டு. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகம் சரிவில் இறங்கினால் ஓடித் தப்ப முடியாது. 2016 மே மாதம் தடைப்பகுதிக்குள் இருந்த 7 பேர் அப்படித்தான் இறந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தோட்டம் துரவு இருந்தது, போனார்கள். நமக்கு என்ன இருக்கிறது, ரீல்ஸ் தவிர?

அந்த நேரத்தைச் சிபாயாக்குக்குக் கொடுங்கள். சுமார் 2,200 மீட்டர்தான், ஊர்ப்பக்கப் பாதையில் வெகுதூரம் சாலையே இருக்கிறது. அதனால் இருட்டில் ஏறி, உதயம் பார்த்து, படம் எடுத்து, உடனே இறங்கிவிடுகிறோம். எரிமலை வாயை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாறை வெடிப்புகளில் நீராவி குக்கர் விசில் மாதிரி விடாமல் சீறும். ஓட்டைகளின் விளிம்பில் மஞ்சள் கந்தகம் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கண் எரியும், இருமல் பிடிக்கும். காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். எரிமலை வாயின் தரையில் கற்களை அடுக்கிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழிலும் ஒன்று பார்த்தேன். பெருமையாக இல்லை.

உள்ளூர் கைடு இல்லாமல் போகாதீர்கள். மூடுபனி இறங்கினால், குறிப்பாக வெந்நீர் ஊற்றுப் பக்கம் இறங்கும் காட்டு வழியில், பாதை மறைந்துவிடும். இந்த மலையில் வழி தவறிச் செத்தவர்கள் உண்டு. கைடு காரோ இனத்தின் செம்பிரிங் குலத்தவராக இருந்தால் சோழியா, பாண்டியா என்று உட்குலப் பெயர் சொல்லக்கூடும். உடனே ‘நம்மாட்கள் ஆண்ட ஊர்’ என்று ஆரம்பித்துவிடாமல், அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

சினாபுங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் குண்டாலிங் குன்று போதும். வானம் தெளிவாக இருக்கும் காலையில் எரிகுழம்பு வழிந்த தடம்வரை தெரியும். அப்புறம் பெராஸ்தாகி பழச்சந்தையில் மார்க்கிசா (பாஷன் பழம்) வாங்குங்கள், ரொம்பப் பேரம் பேசாமல்.

அன்புடன்,
உங்களோடு ஏறும் ஒருவன்